யார் கணக்கில்

டான்காஸ்டர் அலுவலகத்தின் நடுவே
சென்ற ஏப்ரலில் ஒரு பலகைத் தடுப்பு எழுந்தது.
இந்தப் பக்கம் தண்டவாளக் கம்பெனி.
அந்தப் பக்கம் ரயில் கம்பெனி.
இருபத்திரண்டு வருடம்
ஒரே சாம்பல் கிண்ணத்தில் சிகரெட் தட்டிய
கிளெனிஸ் ஆர்மிட்டேஜும் கிளைவ் ஓல்டுராய்டும்
இப்போது ஃபேக்ஸில் பேசிக்கொள்கிறார்கள்.
அவன் இருமினால் அவளுக்குக் கேட்கும்.
அவன் எழுதியது வந்துசேரத்தான் நேரமாகும்.

கெட்டில் அவள் பக்கம் விழுந்தது.
பால் வைக்கும் ஃபிரிட்ஜ் அவன் பக்கம்.
இரண்டின் முதுகிலும் சொத்து எண் ஒட்டியிருக்கிறது.

வேலை இதுதான்:
தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும்
ஒரு தகப்பன் பெயரைக் கண்டுபிடிப்பது.
அப்பன் யாரோ அவன் பணம் கட்ட வேண்டும்.
ரயில்கள் முன்பும் தாமதமாகத்தான் வந்தன.
அன்று அது மழை மாதிரி
எல்லார் தலையிலும் பொதுவாகப் பெய்தது.

தொண்ணூற்றைந்து பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை,
காலை ஏழு ஐம்பத்திரண்டு.
ட்ரென்ட் ஆறு கரை மீறிய வாரம்.
நியூவர்க்குக்கு வடக்கே, லண்டன் போகும் தடத்தில்,
ஓர் அன்னம் உட்கார்ந்துவிட்டது.
நின்றது பதினாறு நிமிடம்.

தண்டவாளத்தில் இருப்பதெல்லாம் தண்டவாளக்காரர் பாடு,
பதினாறும் உங்களுடையது என்றான் கிளைவ்.
பறவைக்கு எங்கே வேலி போடுவது,
உங்கள் டிரைவர் எட்டு நிமிடம்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாரே என்றாள் இவள்.
ஹாரன் அடிப்பது விதி.
எட்டு நிமிடமா?
பதிலுக்கு ஃபேக்ஸ் வரவில்லை. இருமல் வந்தது.

மாடியிலிருந்து இறங்கிய புதுப் பையன்
டையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்:
அன்னமெல்லாம் ராணிக்குச் சொந்தமாமே,
பில்லை அரண்மனைக்கு அனுப்பிவிடலாம்.
தடுப்பின் இரண்டு பக்கமும் யாரும் சிரிக்கவில்லை.

பாலும் நீரும் கலந்து வைத்தால்
பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் அன்னம்
நம் ஊர்ப் பாட்டில் உண்டு.
இது நாட்டிங்ஹாம்ஷையர் அன்னம்.
ஆறு எது வயல் எது என்று தெரியாத விடியலில்
ஈரத்தில் மின்னிய இரும்பை
ஓடை என்று நம்பி இறங்கியிருக்கிறது.
பிரிக்கும் வேலையைக் கிளெனிஸிடம் விட்டுவிட்டது.

அவள் பிரித்தாள்.
சிக்னல்காரர் தகவல் சொல்லத் தாமதித்தது, எங்கள் ஒன்பது.
டிரைவர் தயங்கியது, உங்கள் ஆறு.
மீண்டும் கூட்டினாள்.
பதினைந்துதான் வந்தது.

டிரைவர் லெஸ் பிஞ்ச்பெக் கையால் எழுதிய அறிக்கை
அடியில் கிடந்தது. பென்சில் எழுத்து.
கோட்டைக் கழற்றிப் போர்த்தித் தூக்கினேன்.
நினைத்ததைவிடக் கனம்.
வேலி தாண்டித் தண்ணீரில் விட்டேன். போகவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றோம்.
பிறகு வண்டியை எடுத்தேன்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு
விதிப்புத்தகத்தில் குறியீடு தேடினாள்.
மாடு இருந்தது. மூடுபனி இருந்தது.
கம்பியில் சிக்கிய பட்டம்கூட இருந்தது.
தேடித் தேடிக் கடைசிப் பக்கம் வந்தாயிற்று.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது.
கிளைவ் பால் பாட்டிலோடு நின்றான்.
'கெட்டிலைப் போடேன்' என்றான்.
அறிக்கையை அவன் படித்து முடிக்கும்வரை
தண்ணீர் கொதித்தது.
அவள் வெந்நீர், அவன் பால்.
ஒரே கரண்டியால் கலக்கினார்கள்.

படிவத்தில் அவள் எழுதினாள்:
ஒன்பதும் ஆறும் பதினாறு.
அவன் கீழே கையெழுத்துப் போட்டான்.

ஏழு வாரம் கழித்துத் தணிக்கையில்
கூட்டல் பிழை என்று அது திரும்பி வந்தபோது
வெள்ளம் வடிந்திருந்தது.
கிளைவின் மேசையில் வேறு ஒருவன்.
அவனுக்கு இருமல் இல்லை.